நோர்வூட்டில் காயாத பெட்ஷீட்

கரூர்க்காரியிடம் பெட்ஷீட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் செக்கிங் மேசையில் இருபத்து நாலு வருடம் நின்றவள் நான். துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை விட்டுப்போயிருந்தால் என் விரல் அங்கே நின்றுவிடும். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வைத்து, இப்படிப்பட்ட என் மூக்கை ஒரு தூறல் உடைத்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.

போகக் காரணம் செல்வமணி. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை. வீட்டுக்காரர் ஆறு வயதில் பெற்றோரோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். சித்தப்பா குடும்பம் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. செல்வமணி அங்கே இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையை விட்டுத் தனி வீட்டுக்கு வந்ததும், பின்பக்கம் இரண்டு அறை எடுத்துக் கட்டி, வருகிற போகிற பயணிகளுக்கு விடப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டாள். அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கங்காணி சொன்னாராம்: "போய்ட்டு வா. மலை சீசன் முடியிறதுக்குள்ள கூடையத் தேடி வந்துருவே." மலை சீசன் என்றால் பக்கத்துப் புனித மலையில் ஏறிக் கும்பிடச் சனம் வருகிற மாதங்கள். எனக்குப் போனில் கங்காணி பேச்சைச் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாததால்தான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

சுற்றுலா ஏஜென்சி ஒன்று அவள் வீட்டைத் தன் பட்டியலில் சேர்க்க வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. பட்டியலில் சேர்ந்தால் சீசன் முழுக்க ஆள் வரும். நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர்கள் காட்டுகிற கடையில், அவர்கள் காட்டுகிற வெள்ளை விரிப்பு எட்டு எடுக்க வேண்டும். அந்த விலைக்குக் கரூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கே விரிப்பு போட்டுவிடலாம். "எடுக்காதே செல்வி. எட்டையும் நான் கொண்டாரேன்" என்றேன்.

வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. "நீ மட்டும் போய்ட்டு வா. அங்க போய் வாயக் குடுத்து மாட்டிக்காத" என்று வழியனுப்பினார். முதல் பாதியைக் கேட்டுக்கொண்டேன்.

கொழும்பு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பையைத் திறந்து எட்டு விரிப்பையும் தூக்கிப் பார்த்தார். தமிழில்தான் கேட்டார், வியாபாரமா என்று. "நாத்தனாருக்குச் சீர்" என்றேன். பாதி உண்மை. அவர் கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல பாரம்" என்று மூடிவிட்டார். பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஹட்டனுக்கு ரயில். அந்த ரயில் போகிற வேகத்துக்கு நம் ஈரோடு பாசஞ்சர் எவ்வளவோ மேல். ஆனால் சுரங்கம் வந்தால் போதும், பெட்டியில் இருக்கிற இளசுகள் எல்லாம் ஊவென்று கத்துகிறார்கள். முதல் சுரங்கத்தில் ஏதோ விபத்து என்று பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதில் நானும் கத்தினேன். எதிரில் இருந்த சிங்கள அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்து நீட்டினார். வடையின் தலையில் முழு இறால் ஒன்று கண்ணோடு உட்கார்ந்திருந்தது. அன்று கார்த்திகைத் திங்கட்கிழமை, நான் கவுச்சி தொடமாட்டேன். பாஷை தெரியாமல் சோமவாரத்தை எப்படி விளக்குவது? இறாலை மட்டும் பிடுங்கிப் பொட்டலத்தில் வைத்துவிட்டு வடையைத் தின்றேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, வடை நன்றாகவே இருந்தது.

ஸ்டேஷனில் செல்வமணியின் வீட்டுக்காரர் மகேந்திரன் தன் ஆட்டோவோடு நின்றார். ஆட்டோ பாதி ஏற்றத்தில் மூச்சை விட்டுவிட்டது. "அக்கா, நீங்க எறங்க வேணாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் தள்ளினார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத நானும் இறங்கித் தள்ளினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பனியில் ஆட்டோ தள்ளிக்கொண்டு நான் வெளிநாட்டில் காலெடுத்து வைத்தேன் என்று ஊரில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வமணி கொடுத்தது பால் போடாத பிளேன்டீ. சீனியைக் கலக்காமல் தனியாக உள்ளங்கையில் வைத்தாள். அதைத் தொட்டு நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம். இரண்டாவது வாய்க்குப் பிடித்துவிட்டது. அதைக் குடிக்கும்போதே ஏஜென்சி அனுப்பிய மாதிரி விரிப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"எப்புடி அண்ணி இருக்கு? தொட்டா வழுவழுன்னு இருக்கு."

வழுவழுப்பில்தான் சனமெல்லாம் ஏமாறுகிறது. ஒரு மூலையைக் கசக்கித் தேய்த்தேன், வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அத்தனையும் கஞ்சி. இரண்டு சலவையில் கஞ்சி போய்விடும், வழுவழுப்பும் கூடவே போய்விடும். அட்டையில் அறுநூறு இழை என்று அச்சடித்திருந்தார்கள். இழை எண்ணும் கண்ணாடி என் கைப்பையிலேயே இருந்தது. வைத்து எண்ணினால், ஓர் அங்குலச் சதுரத்தில் நீளவாக்கும் குறுக்குவாக்குமாக இருநூறைத் தாண்டவில்லை. மூன்று மெல்லிய புரியை முறுக்கி ஓர் இழை ஆக்கிவிட்டு, மூன்று என்று எண்ணி அட்டையில் போடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. கடைசியாக ஒரு நூலை உருவி அடுப்புத் தணலில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் விழும். இது சுருங்கி நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டித்துக்கொண்டது.

"பாதி பிளாஸ்டிக்கு" என்றேன். "இதுக்குத்தான் அந்த வெலை."

பிறகு என் பையைத் திறந்தேன். முரட்டு நூல், இரட்டைப் புரி, கனமான சுத்தப் பருத்தி. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு கை வேண்டும். செல்வமணி தடவிப் பார்த்துவிட்டு, "ஜம்முன்னு இருக்குங்க அண்ணி" என்றாள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் தேங்காய் போட்ட தடித்த ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த உறைப்பான கட்டச் சம்பல். நம் ஊரில் நாலு இட்லி தின்ற பிறகும் பதினோரு மணிக்கு வயிறு கேட்கும். இந்த ரொட்டி இரண்டு போதும், மத்தியானம் வரை கேள்வியே இல்லை. கை கழுவின கையோடு எட்டு விரிப்பையும் அள்ளிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். புது விரிப்பை நனைத்து அலசாமல் கட்டிலில் போடக்கூடாது, தொழில் தர்மம்.

செல்வமணி பின்னாலேயே வந்தாள். "அண்ணி, இங்க நாங்க எல்லாத்தையும் ஒண்ணா நனைக்க மாட்டோங்க. ஒண்ணு காஞ்சதுக்குப் பெறகுதான் அடுத்தது."

"அதெல்லாம் உங்க சேலை துணிமணிக்கு. இது கரூர் துணி."

"துணி கரூரா இருந்தாலும் வெயில் நோர்வூட்டு வெயில்தானுங்க அண்ணி."

வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. எட்டையும் நனைத்தேன், அடித்தேன், அலசினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம், தோள்பட்டை கழன்றுவிட்டது. கரூரில் சித்திரையில் ஒரு விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதலாவது விறைத்து நிற்கும். இங்கே எட்டாவதைக் கொடியில் போடும்போது எதிர்மலை காணாமல் போயிருந்தது. பிறகு எங்கள் மலையும் காணாமல் போனது. பனி அதுபாட்டுக்கு வந்து கொடியில் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் தூறல்.

புதன்கிழமை விடிந்து போய்த் தொட்டால், போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருந்தன. எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கதவிலும் நாற்காலியிலும் ஜன்னல் கம்பியிலும் போட்டோம். வீடே நனைந்த கோழி மாதிரி ஆனது. நடக்க வழியில்லை. ஒன்றை எடுத்து அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன். நாலு மணி நேரத்தில் ஒரு பக்கம் காய்ந்தது. மகேந்திரன் முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "கருவாட்டு வாசம் வருதுங்க அக்கா."

அவரே ஒரு யோசனையும் சொன்னார். தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் சூடான காத்து அடிக்குமாம், அங்கே வேலை செய்கிற கூட்டாளியிடம் கேட்கலாமாம். செல்வமணி ஒரே போடாகப் போட்டாள். "வாயக் கழுவுங்க. தேயிலைக்கு எந்த வாசமும் ஒட்டிக்கிரும். நம்ம சோப்பு வாசத்த வெளிநாட்டுல எவனாவது குடிக்கணுமா? நான் பறிச்ச கொழுந்துங்க அது." வேலையை விட்டுவிட்டாளே தவிர, கொழுந்தை அவள் விடவில்லை.

மத்தியானம் வெளியே மறுபடி மழை. ஒரு விரிப்பில் பூஞ்சை வாடை கிளம்பிவிட்டது. நான் அதை மடித்து ஒளித்து வைக்கப் பார்த்தேன். செல்வமணி அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க கெட்டிக்காரிதான் அண்ணி, நான் இல்லேங்கல. ஆனா நான் ஒரு வார்த்தை சொன்னேன்ல? இந்த மழைல நாப்பது வருசமா துணி காயப்போட்டவ நான். எங்க பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க, சரி. நீங்களுமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்பெனியில் ஒரு புதுப்பெண் தப்பைச் சுட்டிக்காட்டினால்கூட நின்று கேட்கிறவள் நான். நாத்தனார் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. காரணம் வேறு ஒன்றுமில்லை, நான் கரூர், அவள் தோட்டம். அதை ஒப்புக்கொள்ள எனக்கு அரைமணி நேரம் ஆனது. "தப்பு என்னுதுதான் செல்வி" என்றேன்.

அவள் போனை எடுத்தாள். ஏஜென்சிக் கடைக்குச் சொன்னால் நாளைக்கே எட்டும் வந்துவிடும், தாலிக்கொடியை அடகு வைத்தால் முடிந்தது என்றாள். போனைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "நாளைக்கு ஒரே ஒரு நாள் குடு. ஹட்டன்ல கடை இல்லாமயா போயிரும்? அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தாலிக்கொடி போகாது. போக நான் விடமாட்டேன்."

வியாழக்கிழமை மகேந்திரனின் ஆட்டோ எழுந்திருக்க மறுத்துவிட்டது. பஸ்ஸில் போனோம். ஒற்றைக் காலில் நின்றேன் என்று சொல்வது வழக்கம், நான் உண்மையிலேயே ஒற்றைக் காலில் நின்றேன், மற்றக் காலுக்கு இடமில்லை. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் பாட்டைச் சத்தமாக வைத்தார். செல்வமணி என் காதில், "பாட்டு இல்லாட்டி வளைவுல பயந்துருவோம்னுதான் அண்ணி" என்றாள். முதல் நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

ஹட்டன் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவது ஒரு முஸ்லிம் பெரியவரின் துணிக்கடை. ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறது. பழைய பழக்கத்தில் என் கை நேராகக் கடையிலேயே கனமான பருத்திச் சுருளுக்குப் போனது. செல்வமணி இருமினாள். கையை எடுத்துக்கொண்டேன்.

"இந்தப் பக்கத்துச் சனம் இதத்தான் எடுக்கும்" என்று நானா மேசை மேல் ஒரு சுருளைப் போட்டார். பாதி பருத்தி, பாதி பாலியஸ்டர். ஏஜென்சி விரிப்பின் தம்பி, விலை மட்டும் கால்வாசி. "டக்குன்டு காயும் தங்கச்சி."

"காயும். ஆறு மாசத்துல மேலெல்லாம் உருண்டை உருண்டையா எழும்புமுங்களே" என்றேன். விளிம்பை விரலால் பத்துத் தடவை தேய்த்துக் காட்டினேன். சின்னச் சின்னப் பொடி மயிர் கிளம்பிவிட்டது. நானா கண்ணாடியை ஏற்றி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வேற ஒன்டு இருக்கு. ஒருத்தரும் எடுக்கல்ல." உள்ளே போய், தூசி தட்டி ஒரு சுருளைத் தூக்கி வந்தார். ஏற்றுமதி கார்மெண்ட்ஸ் ஒன்றில் மிஞ்சிய துணியாம். வெளுக்காத பாலேட்டு நிறம். பூ இல்லை, கோடு இல்லை. தொட்டேன். மெல்லிசு, காகிதம் மாதிரி மொடமொடப்பு. கம்பெனியில் இந்த ரகம் மேசைக்கு வந்தால், இதையும் காசு கொடுத்து வாங்குகிறானே வெள்ளைக்காரன் என்று எகத்தாளம் பேசியிருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், ஓட்டையில்லை. குறுக்கே இழுத்தேன், கோணவில்லை. கண்ணாடி வைத்து எண்ணினேன், இழை ஒன்றோடொன்று ஒட்டி நின்றது. துணியின் கனம் வேறு, நெருக்கம் வேறு. தொட்டவுடன் தெரிவது கனம். வருடக்கணக்கில் உழைப்பது நெருக்கம். இருபத்து நாலு வருடம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் காயுமா? இந்தத் தடவை என் வாயை நானே நம்பத் தயாராக இல்லை.

"மூணுலயும் ஒரு சாண் வெட்டுங்க நானா. காசு நான் தாரேன். தண்ணி எங்க இருக்குங்க?"

மூன்று துண்டையும் குழாயில் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, கடை வாசலில் குடை தொங்குகிற கம்பியில் வரிசையாகப் போட்டேன். வெளியே தூறல், பனி. பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காய்கறி விற்கிற அம்மா கடையை விட்டுவிட்டே வந்து நின்றார். எது முதலில் காயும் என்று அவர்களுக்குள் பேச்சு. நானா பிளேன்டீயும் சூடான ரோல்ஸும் வாங்கித் தந்தார். அன்று வியாழன், ரோல்ஸுக்குள் என்ன இருந்ததென்று நான் கேட்கவும் இல்லை.

"தங்கச்சி, நீங்க துணி வாங்க வந்தீங்களா, இல்லாட்டி என்ட கடைய சோதிக்க வந்தீங்களா?"

"ரெண்டுந்தானுங்க" என்றேன்.

பாலியஸ்டர் கலந்தது முதலில் காய்ந்தது. அது தெரிந்த கதை. இரண்டாவது டீ முடிவதற்குள் அந்த மெல்லிசும் காய்ந்துவிட்டது. கனமான பருத்தி அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. செல்வமணி மெல்லிசைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், மூக்கில் வைத்துப் பார்த்தாள். "இதுதான் அண்ணி" என்றாள்.

"எட்டு விரிப்புக்கு வெட்டுங்க நானா" என்றேன்.

"எட்டு என்னத்துக்கு?" என்றாள் செல்வமணி. "ரெண்டு கட்டில். ஒண்ணு மேல, ஒண்ணு கொடியில, ஒண்ணு அலுமாரியில. ஆறு போதும். காயாத துணிக்குத்தான் எட்டு வேணும்." இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. முதல் சலவையில் சுருங்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கூட்டி வெட்டச் சொன்னதோடு என் பங்கு முடிந்தது. நானாவோடு விலையில் மல்லுக்கட்டினேன். யாரும் எடுக்காத துணி என்று அவரே சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குறைத்தார். வாசல் தையல்காரர் பொழுது சாய்வதற்குள் ஆறையும் ஓரம் மடித்துத் தைத்துவிட்டார். மொத்தமும் ஏஜென்சிக் கடையின் இரண்டு விரிப்பு விலைக்கு வந்தது. தாலிக்கொடி கழுத்திலேயே வீட்டுக்குத் திரும்பியது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஒன்றை நனைத்தோம், காய்ந்ததும் அடுத்தது. அவள் சொன்ன முறைப்படி. ஈரம் போகாத கரூர் விரிப்பு எட்டையும் சமையல்கட்டுக்குள் ஒதுக்கிவிட்டு, பத்து மணிக்கு இரண்டு கட்டிலும் விரித்தாயிற்று. மூலைகளை நான் மடித்துச் செருகினேன். நாணயம் போட்டால் துள்ளும், அப்படி இழுத்து விரித்திருந்தேன்.

ஏஜென்சியிலிருந்து நிலூக்கா என்று ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். சிரித்த முகம், நல்ல மரியாதை. குறை சொல்ல முடியாது. பேச்செல்லாம் சிங்களத்தில். மகேந்திரன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குளியலறை நல்லா இருக்காம். ஜன்னலிலிருந்து மலை தெரிகிறதாம், படம் எடுக்கிறாளாம். பிறகு கட்டிலுக்கு வந்தாள். கையில் இருந்த பேனாவின் நுனியால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க கடையில எடுத்தது இல்லையே?"

செல்வமணி இல்லை என்றாள். நான் நடுவே புகுந்து, இது எத்தனை இழை, எப்படி உழைக்கும், தொட்டுப் பாருங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மகேந்திரன் மொழிபெயர்க்கத் திணறினார். அந்தப் பெண் தலையாட்டினாள், தொடவில்லை. ஆபீஸ் சட்டம் இது, எனக்கு ஒன்றுமில்லை, வெள்ளை விரிப்பு வாங்கிப் போட்டுப் படம் அனுப்புங்கள், அடுத்த வாரம் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். பட்டியலில் தோட்டத்து வீடு என்று போட வேண்டாம், 'தேயிலை வில்லா' என்று போட்டுக்கொள்ளலாம். செல்வமணி டீ கொண்டுவந்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லி, கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டி, வேண்டாம் என்றாள். வேன் கிளம்பிப் போனது.

நான் உடனே கணக்குப் போட்டேன். "விடு செல்வி. ரெண்டே ரெண்டு வெள்ளை விரிப்பு வாங்குவோம். படம் எடுத்து அனுப்பிட்டு மடிச்சு உள்ள வெச்சிருவோம். ஆளு வந்தா நம்ம விரிப்புதான். யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

"அந்தப் புள்ள கட்டில்ல உக்காரவே இல்லையே அண்ணி, கவனிச்சீங்களா? ஒரு மணி நேரம் நின்னுச்சு. நாற்காலியிலயும் உக்காரல. தண்ணிகூடக் கையோட கொண்டாந்துச்சு. வெள்ளத் துணி போட்டா மட்டும் உக்காந்துருமா?"

நான் பேனா நுனியைப் பார்த்தேன், துணியை நினைத்தேன். செல்வி பார்த்தது வேறு. தோட்டத்து ஆள் என்று தள்ளி நிறுத்துவதில் கங்காணியும் ஏஜென்சியும் அவளுக்கு ஒரே ஆள்தான். எனக்கு வேனை விரட்டிக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. செல்வமணி அப்படியெல்லாம் செய்யவில்லை. போனை எடுத்து, நிதானமான சிங்களத்தில், இரண்டே வாக்கியம் பேசிவிட்டு வைத்தாள்.

மகேந்திரன் முகம் வெளிறிப்போனது. "என் பேர எடுத்துருங்க, விரிப்பு வாங்க மாட்டேன்னுட்டா அக்கா" என்றார் என்னிடம். பிறகு அவளிடம், "சீசன் போயிருமே புள்ள. ஆளுக்கு எங்க போறது?"

"ரோட்டுக்கு" என்றாள் அவள்.

சனிக்கிழமை ஆட்டோ எழுந்துகொண்டது. மகேந்திரன் காலையிலேயே அதை நோர்வூட் கடைத்தெருவில் நிறுத்திக்கொண்டு நின்றார். மலை ஏறி இறங்கியவர்களின் வண்டிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். பதினோரு மணி வரை ஒருவரும் இல்லை. பன்னிரண்டு மணிக்கும் இல்லை. நான் அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்து மடிப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தேன். செல்வமணி சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும் ஆக்கி மூடி வைத்திருந்தாள். ஆள் வராவிட்டால் யார் தின்பது என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு சிங்களக் குடும்பம். இரவெல்லாம் மலையேறி, விடியலில் கும்பிட்டுவிட்டு இறங்கியவர்கள். ஓட்டுகிற மகனுக்குக் கண் சொக்குகிறது, இன்று ராத்திரி தங்கிப் போக வேண்டும். மகனும் அவன் மனைவியும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க தாயாரை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. கால் இரண்டும் மரக்கட்டை ஆகியிருந்தது அந்த அம்மாவுக்கு.

வாசலில் நின்று அந்த அம்மா ஏதோ கேட்டார். செல்வமணி பதில் சொன்னாள். மகேந்திரன் எனக்குச் சொன்னார்: "இது தோட்டத்து ஆளுங்க வீடா தங்கச்சின்னு கேக்குறாங்க. ஆமாங்கம்மா, தோட்டத்து வீடுதான், நான் கொழுந்து பறிச்சவ, வசதிப்பட்டா தங்குங்கன்னு சொல்றா."

எனக்கோ, வில்லா என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. செல்வமணி வழியை மறிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. விலையையும் சொன்னாள்.

அந்த அம்மா செருப்பை வாசலில் கழற்றினார். சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். நான் இழுத்து விரித்த கட்டிலைப் பார்த்தார். எதையும் தூக்கிப் பார்க்கவில்லை, எண்ணவில்லை, தேய்க்கவில்லை. அப்பாடா என்பதற்குச் சிங்களத்தில் என்னவோ, அதைச் சொல்லிக்கொண்டு மழைத் தூறல் விழுந்த சேலையோடு அப்படியே சாய்ந்தார். தலையணையைக் கன்னத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

செல்வமணி டீ போட்டு, தட்டில் சீனியும் வைத்துக் கொண்டுபோனாள். நான் பின்னாலேயே போனேன். அந்த அம்மாவுக்கு அதற்குள் குறட்டை கிளம்பியிருந்தது. செல்வமணி தட்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெலைய ரொம்பக் கொறச்சுச் சொல்லிட்டேனுங்க அண்ணி" என்றாள். "அடுத்த ஆளுக்குக் கூட்டித்தான் சொல்லுவேன்."